மரச்செக்கு போடுவதற்கு முன்னால் கடலை வாங்கக் கற்றுக்கொள்ளுங்கள்

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குகிற நேரத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மூட்டை வைக்க இடம் இருக்காது. ஏலம் முடிந்ததும் மூட்டைகள் லாரியேறி வெளியூர் போய்விடும். அதே ஊர் மளிகைக் கடை வாசலில், மலேசியாவில் இருந்தும் இந்தோனேசியாவில் இருந்தும் கப்பலில் வந்த பாமாயில் பாக்கெட் தொங்கும். இந்தியா பயன்படுத்துகிற சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். விளைந்த ஊரிலேயே ஆட்டினால் எண்ணெய், புண்ணாக்கு, ஆட்டுகிற கூலி மூன்றும் அங்கேயே தங்கும். ஊருக்கு ஒரு செக்காவது வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இது புதுசாக யாரோ கண்டுபிடித்த யோசனையும் இல்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா 1934ல் காந்தியோடு சேர்ந்து வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தைத் தொடங்கியபோது, அவர்கள் கையில் எடுத்த தொழில்களில் மரச்செக்கும் ஒன்று. அப்போது மாடு இழுத்தது, இப்போது மோட்டார் இழுக்கிறது. தொழிலின் கணக்கு பெரிதாக மாறவில்லை.

கடந்த சில வருடங்களில் மரச்செக்கு எண்ணெய்க்கு நல்ல பெயர் வந்திருப்பதால் நிறைய பேர் இதில் இறங்குகிறார்கள், அதில் நிறைய பேர் ஒன்றிரண்டு வருடத்தில் பூட்டியும் விடுகிறார்கள். பூட்டிய செக்குகளில் செக்கு பழுதாகி நின்றது குறைவு. கடலையை ஈரத்தோடு வாங்கியிருப்பார்கள், இல்லை விலை ஏறிய மாதத்தில் மொத்தமாக வாங்கியிருப்பார்கள், இல்லை கையில் இருந்த காசு முழுக்க இயந்திரத்துக்குப் போய், கடலை வாங்கக் காசில்லாமல் நின்றிருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் செக்கு வாங்குவது நடுவில்தான் வரும். சொந்த ஊரில் ஒன்று அல்லது இரண்டு செக்கு போட்டு, ஒரு நாளைக்கு நூறு கிலோ பருப்பு வரை ஆட்ட நினைக்கிறவருக்காக இதை எழுதுகிறேன். நிலக்கடலையை வைத்துச் சொல்கிறேன், எள்ளும் கொப்பரையும் போகிற போக்கில் வரும்.

முதல் வேலை: சந்தைக்குப் போய் நில்லுங்கள்

ஒரு பட்டம், அதாவது ஒரு சாகுபடிப் பருவம் முழுக்க, கையில் காசு எடுத்துப் போகாமல், ஏலம் நடக்கிற இடத்துக்குப் போய்வாருங்கள். வடக்கே திண்டிவனம், அவலூர்ப்பேட்டை, மேற்கே ஈரோடு மாவட்டத்தில் சிவகிரி மாதிரி இடங்களில் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் ஏலம் நடக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது என்று வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஒரே நாளில் ஒரே கூடத்தில் ஒரு குவியலுக்கும் பக்கத்துக் குவியலுக்கும் விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் கவனியுங்கள். பழைய வியாபாரி ஒரு பிடி அள்ளி, நாலு காயை நசுக்கி, ஒரு பருப்பைக் கடித்து, முகர்ந்து பார்த்துவிட்டு விலை எழுதுவார். அந்தச் சில நொடியில் அவர் பார்ப்பதை நீங்களும் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதித் தொழில் கைக்கு வந்துவிட்டது.

அவர் பார்ப்பது இவைதான். காய்ந்த பருப்பு பல்லில் பட்டதும் சட்டென்று இரண்டாக உடையும், ஈரப்பருப்பு பல்லில் அமுங்கும். காய்ந்த பருப்பை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் தோல் கழன்று வரும். காயை ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். சுருங்கிய பருப்பு, பிஞ்சு, முளை விட்டது எல்லாம் எண்ணெய் தராது, எடையை மட்டும் ஏற்றும். கல், மண் எவ்வளவு என்பதும் கணக்கில் சேர்த்தி. மூட்டையாக வாங்கினால் மேல்வாயில் இருப்பதை மட்டும் பார்க்காமல், குத்தூசி போட்டு நடுவில் இருந்தும் அடியில் இருந்தும் நாலைந்து மூட்டையில் எடுத்துப் பாருங்கள். அப்புறம் ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள், சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. சேமித்து வைக்கிற பருப்பில் ஈரம் 7, 8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

எந்தப் பட்டத்துக் கடலை என்பது இன்னும் முக்கியம். ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைத்தது ஐப்பசி, கார்த்திகையில் பிடுங்க வரும், அதே நேரம் வடகிழக்குப் பருவமழையும் வரும். களத்தில் காயப்போட்ட காய் இரண்டு நாள் நனைந்தாலே பூஞ்சணம் உட்கார்ந்துவிடும். மார்கழிப் பட்டத்தில் பாசனத்தில் போட்டது பங்குனி, சித்திரையில் வரும், அந்த வெயிலில் நன்றாகக் காயும். எண்ணெய்க்கு நான் மார்கழிப் பட்டத்துக் கடலையைத்தான் முதலில் சொல்வேன். வருடத் தேவையில் பெரும் பங்கை அந்த இரண்டு மாதத்தில் வாங்கி வைக்க முடிந்தவர்களுக்குத்தான் தரமும் விலையும் சேர்ந்து அமையும்.

காயாக வாங்குவதா, உடைத்த பருப்பாக வாங்குவதா என்று கேட்பார்கள். முடிந்தவரை காயாக வாங்குங்கள். நூறு கிலோ நல்ல காயில் எழுபது கிலோவை ஒட்டிப் பருப்பு வரும், தோடு அடுப்பெரிக்கப் போகும். காயாக வாங்கச் சொல்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. உடைக்கிற மில்களில் பருப்பு இரண்டாகப் பிளந்து போகாமல் முழுசாக வர வேண்டும் என்பதற்காகக் காயின் மேல் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு உடைக்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. விதைக்கு முழுப் பருப்பு வேண்டும், சரி. எண்ணெய்க்கு முழுசாக இருந்தால் என்ன, உடைந்திருந்தால் என்ன? ஆனால் அந்த ஈரத்தோடு பருப்பு மூட்டையில் கட்டப்பட்டு, கிடங்கில் அடுக்கப்பட்டு, வாரக்கணக்கில் இருக்கும்போது உள்ளே என்ன வளரும் என்பதுதான் பிரச்சினை. மில்காரரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: எனக்குத் தண்ணீர் தெளிக்காமல் உடைத்துக் கொடுங்கள், உடைசல் வந்தாலும் பரவாயில்லை என்று.

பூஞ்சணத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். ஈரமான கடலையில் வளர்கிற ஒருவகைப் பூஞ்சணம் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிற பொருள் அது. வயலில் கடைசி மாதம் மழையில்லாமல் காய்ந்தாலும் வரும், பிடுங்கிய பிறகு நனைந்தாலும் வரும், கிடங்கிலும் வரும். சமையல் சூட்டில் அழியாது. பெரிய ஆலைகளில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது காரம் சேர்க்கிற கட்டத்தில் இது நீங்கிவிடுகிறது. செக்கு எண்ணெயில் அந்தக் கட்டமே கிடையாது. ரசாயனம் இல்லாத எண்ணெய் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதும்தான். ஆனால் அப்படிச் சொல்வதால் பருப்பு சுத்தமாக இருக்க வேண்டிய பொறுப்பு முழுக்க நம் தலையில் வந்து விழுகிறது.

நஞ்சின் பெரும்பகுதி எண்ணெய்க்கு வராமல் புண்ணாக்கில் தங்கும். அதைக் கேட்டு நிம்மதியடைய வேண்டாம், புண்ணாக்கைத் தின்பது பால் மாடு. மாட்டின் உடம்பில் அது வேறு வடிவமாகி, எம் 1 என்ற பெயரில் பாலில் இறங்குகிறது. 2018ல் எடுத்து 2019ல் வெளியிட்ட தேசியப் பால் தர ஆய்வில் மொத்தம் 6,432 மாதிரிகளைச் சோதித்தார்கள். அதில் 5.7 சதவீதத்தில் இந்த நஞ்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அதிக மாதிரிகள் சிக்கிய மாநிலம் தமிழ்நாடு. கெட்ட கடலை ஒரு செக்குக்குள் போனால் அந்த ஊர்க் குழந்தைகள் குடிக்கிற பால் வரைக்கும் போகும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது கடினமில்லை. ஆட்டுவதற்கு முன்னால் பருப்பைச் சலித்து, மேசையில் பரப்பி, நிறம் மாறியது, சுருங்கியது, பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்குங்கள். நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாக இருக்காது, மோசமான கொஞ்சம் பருப்பில்தான் குவிந்திருக்கும், அதனால் பொறுக்குவதற்கு உண்மையிலேயே பலன் உண்டு. பொறுக்கியதை மாட்டுக்கும் போடாதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள், எண்ணெய்க்கு என்று தனியாகவும் ஆட்டாதீர்கள், எரித்துவிடுங்கள். பொறுக்குகிற பெண்களுக்கு நாள்கூலி போகிறதே என்று கணக்குப் பார்க்கிறவர் வேறு தொழில் பார்ப்பது நல்லது. மூட்டைகளைத் தரையில் போடாமல் கட்டையோ பலகையோ போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். புதுச் சரக்கு வாங்கும்போது மாதிரி எடுத்து ஒருமுறையாவது ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தஞ்சாவூரில் இருக்கிற தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனத்தில் ஆய்வகம் இருக்கிறது, செக்குத் தொழிலில் இறங்குகிறவர்களுக்குப் பயிற்சியும் தருகிறார்கள்.

கணக்கு போடுங்கள், பென்சிலோடு

விலை மாதத்துக்கு மாதம் மாறும், அதனால் நான் போடுகிற விலைகள் கணக்குக்காக மட்டும். முறையை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பருப்பு கிலோ 120 ரூபாய், புண்ணாக்கு கிலோ 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ பருப்புக்கு 12,000 ரூபாய். மரச்செக்கில் நல்ல பருப்புக்கு 40 கிலோவை ஒட்டி எண்ணெய் வரும். நிலக்கடலை எண்ணெய் ஒரு லிட்டர் 910 கிராம் சுமார், ஆக 44 லிட்டர். புண்ணாக்கு 56 கிலோ, அதற்கு 2,520 ரூபாய். மிச்ச நாலு கிலோ ஈரமாகவும் கசடாகவும் போய்விடும். 12,000ல் புண்ணாக்குப் பணத்தைக் கழித்தால் 9,480. அதை 44ஆல் வகுத்தால் லிட்டருக்கு 215 ரூபாய். இதில் கரண்ட், ஆள்கூலி, பாட்டில், லேபிள், வாடகை, வட்டி எதுவும் சேரவில்லை. பருப்பு இந்த விலை விற்கும்போது யாராவது 170 ரூபாய்க்கு மரச்செக்குக் கடலை எண்ணெய் என்று விற்றால், அது என்ன எண்ணெய் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இப்போது அதே பருப்பு கொஞ்சம் ஈரமாகவோ பிஞ்சாகவோ இருந்து 40க்குப் பதில் 37 கிலோ எண்ணெய்தான் வந்தது என்று வையுங்கள். கிட்டத்தட்ட 40.7 லிட்டர். புண்ணாக்கு மூன்று கிலோ கூடினாலும் லிட்டர் அடக்கம் 229, 230 ரூபாய்க்கு ஏறிவிடும். லிட்டருக்கு 15 ரூபாய் எங்கே போனது என்று தேடினால், அது சந்தையில் நின்று பருப்பைக் கடித்துப் பார்க்காமல் வாங்கிய அந்த நிமிடத்தில் போயிருக்கும். கரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஆட்ட 5 எச்.பி. மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடினால் மூன்று யூனிட்டுக்குள்தான், லிட்டருக்குப் பார்த்தால் சில ரூபாய். எந்தக் கம்பெனி செக்கு மின்சாரம் மிச்சப்படுத்தும் என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறவர்கள், பருப்பில் இதைப்போல நாலு மடங்கு போவதைப் பார்ப்பதில்லை.

புண்ணாக்கையும் கவனியுங்கள். அதை விற்கத் தெரியாவிட்டால் இந்தத் தொழில் நிற்காது. இரும்புச் செக்குப் புண்ணாக்கைவிட மரச்செக்குப் புண்ணாக்கில் எண்ணெய்ச்சத்து அதிகம் தங்கும், மாடு வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும், கூடுதல் விலை கொடுப்பார்கள். எண்ணெய் வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கு முன்னாலேயே ஊரில் பால் மாடு வைத்திருக்கிற பத்துப் பேரிடம் பேசி வையுங்கள்.

கூலிக்கு ஆட்டித் தொடங்குங்கள்

புதுசாக வருகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். முதல் ஆறு மாதமாவது சொந்த எண்ணெய் விற்பதைக் குறைத்துக்கொண்டு, விவசாயிகளும் வீட்டுக்காரர்களும் கொண்டுவருகிற கடலையையும் எள்ளையும் கொப்பரையையும் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி ஆட்டிக் கொடுங்கள். சரக்கு வாங்க முதல் தேவையில்லை, விலை இறங்கினால் நஷ்டம் உங்களுக்கு இல்லை. சிலர் கூலிக்குப் பதில் புண்ணாக்கை விட்டுவிட்டுப் போவார்கள், அதுவும் நல்ல ஏற்பாடுதான். நாலு ஊர்க் கடலை கைக்கு வரும்போது எது எவ்வளவு எண்ணெய் தருகிறது என்ற பாடம் இலவசமாகக் கிடைக்கும். ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பருப்பு எடை, ஈரம், வந்த எண்ணெய், வந்த புண்ணாக்கு, ஆன நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

தன் கண் முன்னால் தன் கடலை எண்ணெயாவதைப் பார்த்த குடும்பம், கடலை இல்லாத மாதத்தில் உங்களிடமே எண்ணெய் வாங்கும். எந்த விளம்பரமும் இதைச் செய்யாது. உட்கார்ந்து பார்க்க ஒரு பெஞ்ச் போட்டு வையுங்கள். ஒருவர் சரக்கோடு இன்னொருவர் சரக்கு கலக்காமல், எடை போட்டதை அவர் எதிரிலேயே எழுதிக் கொடுங்கள்.

இடம், கரண்ட், செக்கு

இடத்தில் மூன்று பார்த்தால் போதும். மழை ஒழுகாத, காற்றோட்டமான, எலி புகாத சரக்கு அறை தனியாக வேண்டும். ஆட்டுகிற அறைத் தரை கழுவக்கூடியதாக இருக்க வேண்டும். மும்முனை மின் இணைப்பு கிடைக்கிற இடமாக இருக்க வேண்டும். வீட்டு இணைப்பில் செக்கு ஓட்டினால் அபராதம் வரும். இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதே குறுந்தொழில் கட்டணப் பிரிவு உங்களுக்குப் பொருந்துமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள், பிறகு மாற்றுவது அலைச்சல்.

செக்கு வாங்கும்போது, உரலும் உலக்கையும் எந்த மரம் என்று கேளுங்கள். வாகை மரம் வழக்கமாகப் போடுவது, நன்றாக விளைந்து காய்ந்த மரமாக இருக்க வேண்டும், பச்சை மரம் கொஞ்ச நாளில் வெடிக்கும். விற்பவர் காட்டுகிற வீடியோவை நம்பாமல், அவரிடம் வாங்கி இரண்டு வருடம் ஓட்டிக்கொண்டிருக்கிறவர் கடைக்குப் போய் ஒரு நாள் இருந்து பாருங்கள். உங்கள் பருப்பை எடுத்துப் போய் அங்கே ஆட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. உலக்கை தேய்ந்தால் மாற்ற ஆள் எத்தனை நாளில் வருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கையில் இருக்கிற மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் செக்கு, கட்டடம், உபகரணத்துக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து. மிச்சம் சரக்குக்கு வேண்டும்.

ஆட்டுகிற அன்று

ஆட்டுவதற்கு முந்தைய நாள் பருப்பை வெயிலில் ஒரு காய்ச்சல் காயப்போடுங்கள். நடுத்தரச் செக்கில் ஒரு ஆட்டத்துக்குப் பதினைந்து கிலோ சுற்றி போடலாம், முக்கால் மணி நேரத்தில் இருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். மாவாகி, பிசைந்து வருகிற கட்டத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால்தான் புண்ணாக்கு திரண்டு எண்ணெய் பிரியும். எவ்வளவு என்பது பருப்பின் ஈரத்தைப் பொறுத்தது, அளவை நோட்டில் எழுதி எழுதித்தான் கைப்பழக்கம் வரும். கூடிப் போனால் எண்ணெய் கலங்கி, சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். எள்ளுக்கு இந்த வேலையைக் கருப்பட்டி செய்கிறது, 10 கிலோ எள்ளுக்கு அரை கிலோவில் இருந்து ஒரு கிலோவுக்குள் போடுவார்கள். கொப்பரை வாங்கும்போது கந்தகப் புகை போட்டதா என்று கேட்டு, போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அவசரத்துக்கு வேகத்தைக் கூட்டாதீர்கள். மெதுவாகச் சுற்றுவதால்தான் சூடு ஏறாமல் வாசனை தங்குகிறது. செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் அந்த வாசனைக்குத்தான் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். ஒரே செக்கில் கடலையும் எள்ளும் மாற்றி மாற்றி ஆட்டினால் வாசம் கலக்கும், கடலை ஒவ்வாமை இருக்கிறவர்களுக்கு ஆபத்தும்கூட. வசதி வந்ததும் இரண்டாவது செக்கை எள்ளுக்கும் கொப்பரைக்கும் என்று ஒதுக்கிவிடுங்கள்.

வந்த எண்ணெயை எவர்சில்வர் டிரம்மில் ஊற்றி, மூடி, இரண்டு மூன்று நாள் அசைக்காமல் விட்டால் மண்டி அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, துணியிலோ வடிகட்டிப் பையிலோ வடிகட்டுங்கள். பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், செம்பு பட்டால் எண்ணெய் வேகமாகக் கெடும். சிலர் தட்டில் ஊற்றி வெள்ளைத் துணி கட்டி வெயிலில் வைப்பார்கள். தெளிவதற்கு அது உதவும், ஆனால் பாட்டிலில் அடைத்த பிறகு வெயிலும் வெளிச்சமும் எதிரி. கடை வாசலில் வெயில் படுகிற மாதிரி பாட்டில் அடுக்கி வைப்பதை எங்கே பார்த்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை. மண்டி கலந்த எண்ணெய்தான் முதலில் கெடும், அதனால் கலங்கலாக இருப்பதே சுத்தத்துக்கு அடையாளம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள்.

காகித வேலை

முதலில் உத்யம் பதிவு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தருகிற பதிவு அது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். அடுத்து உணவுப் பாதுகாப்புத் துறையிடம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். சிறிய அளவுக்குப் பதிவு, அதற்கு மேல் உரிமம். எந்த வரம்பில் நீங்கள் வருகிறீர்கள் என்பதை விண்ணப்பிக்கிற அன்று தளத்தில் பாருங்கள், வரம்புகளை அவ்வப்போது திருத்துகிறார்கள். 14 இலக்க எண் கிடைக்கும், அது லேபிளில் இருக்க வேண்டும். உள்ளாட்சியில் தொழில் உரிமம், விற்பனை வரம்பைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. சமையல் எண்ணெய்க்கு வரி 5 சதவீதம்.

சில்லறையாக, பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்து எண்ணெய் விற்பதற்கு 2011ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருக்கிறது, அடைத்து லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டின் வேர் 1998ல் டெல்லியில் நடந்த விபரீதம். கடுகு எண்ணெயில் ஆர்ஜிமோன் என்ற பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். செக்குக்காரருக்குப் பாட்டில் செலவு கூடுகிறது என்பது உண்மை, ஆனால் கலப்படக்காரரிடம் இருந்து உங்களைப் பிரித்துக் காட்டுவதும் அந்த லேபிள்தான். அதில் பொருளின் பெயர், உங்கள் முகவரி, தயாரித்த தேதி, எதுவரை நன்றாக இருக்கும், விலை, தொகுதி எண் எல்லாம் இருக்கட்டும். அளவை லிட்டரில் போட்டால் எடையையும் கிராமில் போட வேண்டும். சூட்டில் எண்ணெய் விரியும், லிட்டர் கணக்கில் ஏமாற்ற இடம் உண்டு என்பதால் வந்த விதி. சர்க்கரை நோய் தீரும், மாரடைப்பு வராது என்று எழுதாதீர்கள், சட்டப்படியும் தப்பு, மனசாட்சிப்படியும் தப்பு.

கடன், மானியம்

2020ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட பிரிவுகளுக்கு 35 சதவீதம். இப்போது எது நடப்பில் இருக்கிறது, எதற்கு நிதி இருக்கிறது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். முதல் திட்டத்துக்கு மாவட்ட வள நபர் என்று ஒருவரை நியமித்திருப்பார்கள், விண்ணப்பம் போடவும் திட்ட அறிக்கை எழுதவும் உதவுவார், அவருக்கான பணத்தை அரசே தருகிறது.

மானியம் கைக்கு வராது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். வங்கியில் உங்கள் கடன் கணக்கோடு சேர்த்து மூன்று வருடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள், தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால்தான் கடனில் கழிப்பார்கள். மானியத்தை நம்பி, தேவையில்லாத பெரிய செக்கும் தானியங்கி பாட்டில் நிரப்பும் இயந்திரமும் வாங்கிக் குவித்தவர்கள் நிறைய. இயந்திரத்துக்குக் கடன் கிடைப்பது ஒப்பீட்டளவில் சுலபம், பங்குனியில் நாலு டன் கடலை வாங்கக் கடன் கிடைப்பதுதான் கஷ்டம். அதனால் வங்கியில் பேசும்போதே நடைமுறை மூலதனத்தையும் சேர்த்துக் கேளுங்கள். வாங்கிய சரக்கை ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் எடுக்கிற வழியும் இருக்கிறது. பக்கத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால், அவர்களிடம் காயை இருப்பு வைக்கச் சொல்லி, மாதாமாதம் தேவையானதை அன்றைய விலையைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். விவசாயிக்கும் நல்லது, உங்களுக்கும் வட்டி மிச்சம்.

விற்பனை

சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வருடம் இருபது கிலோமீட்டருக்குள் விற்றுப் பழகுங்கள். கடன் கொடுக்காதீர்கள், மளிகைக் கடைகளுக்குக் கூட முதல் சரக்கின் பணம் வந்த பிறகுதான் அடுத்தது. மகளிர் குழுவாக இருந்தால் மதி அங்காடிகளில் இடம் கேட்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெயை ஆய்வகத்தில் சோதித்து, அந்த அறிக்கையைக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டுவது அமில அளவு, சுத்திகரிக்காத கடலை எண்ணெயில் அது 6ஐத் தாண்டக் கூடாது என்பது தரம், நல்ல பருப்பில் ஆட்டியது அதைவிட வெகுவாகக் கீழேதான் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உறைந்தால் கலப்படம் என்று நம்புகிறவர்கள் வருவார்கள். சுத்தமான கடலை எண்ணெயும் அந்தக் குளிரில் கலங்கும் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, அறிக்கையைக் காட்டுங்கள். பருப்பு விலை ஏறினால் எண்ணெய் விலையையும் ஏற்றி, ஏன் என்று எழுதிப் போடுங்கள். விலையை ஏற்றாமல் சமாளிக்கப் பாமாயில் கலந்தவர்களின் கடை எதற்கும் பெயர் மிஞ்சவில்லை.

செக்கு வருடம் முழுக்க ஓடினால்தான் தவணை கட்ட முடியும். அதற்கு வருடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் கடலை வாங்கிச் சேர்க்கிற வேலை. மாசிப் பட்டத்து எள் வைகாசி, ஆனியில் வரும், அப்போது நல்லெண்ணெய் ஆட்டி வைத்தால் தீபாவளி வரைக்கும் ஓடும். கொப்பரை வருடம் முழுக்கக் கிடைக்கும், மழை மாதங்களில் அதில் ஈரம் பார்த்து வாங்குங்கள். ஐப்பசியில் வருகிற மானாவாரிக் கடலையைச் சேமிக்க வாங்காமல், காய்ந்த சரக்காகப் பார்த்து அந்த வாரத் தேவைக்கு மட்டும் எடுங்கள். அடுத்த பங்குனிக்குச் செக்கு ஓட வேண்டும் என்றால் மின் இணைப்புக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணுக்கும் ஐப்பசியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள், காய்ந்த மரத்தில் செக்கு செய்து கொடுக்கிற ஆசாரியிடம் முன்பணமும் அதே மாதத்தில்.